கம்பியும் காதும்

1

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஒயருக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் இந்தப் பத்திரிகையின் இரண்டு இதழ்களை அச்சிட்டுத் தபாலிலும் சேர்த்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மூன்று மீட்டர் நீளம். கட்டைவிரல் பருமன். கறுப்பு நூலால் பின்னிய உறை. உறையின் மேல் முழத்துக்கு ஒன்றாக வெள்ளை அம்புக்குறி. அம்பு ஸ்பீக்கரைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும், திருப்பி மாட்டினால் இசையின் ஆழம் குறைந்துவிடும் என்று கூடவே வந்த துண்டுப் பிரசுரம் எச்சரித்தது.

மாட்டினேன். அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு மாலியின் புல்லாங்குழலைக் கேட்டேன். முப்பது வருஷமாக நான் கேட்டுவரும் அதே பதிவுதான். அவர் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. தம்பூராவின் தந்திகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. மறுநாள் காலையில் நண்பர் ஒருவருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். திரை விலகிவிட்டது என்று எழுதினேன். எழுதும்போதே வள்ளலாரின் ஏழு திரைகள் ஞாபகத்துக்கு வர, அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

நண்பர் தொலைபேசித் துறையில் கேபிள் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தெருப் பள்ளத்தில் இறங்கி, மழைத் தண்ணீரில் நின்றுகொண்டு, நூற்றுக்கணக்கான ஜோடிகளுக்கு நடுவே பழுதான ஒரே ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்த மனிதர். இந்தப் பத்திரிகையையும் விடாமல் படிப்பவர். அவருடைய பதில் ஒரு தபால் கார்டில் வந்தது. "அம்புக்குறி எதற்கு? ஸ்பீக்கருக்குப் போவது மாறுமின்னோட்டம் அல்லவா? போன வழியே திரும்பியும் வருமே?"

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் பொறியியல் படித்தவன் அல்ல. கம்பியின் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கியதே என் காதுக்கு ஒரு வக்காலத்துக் கிடைக்காதா என்றுதான். கிடைத்தது வேறு. இசை கேட்கும் யந்திரத்தைப் பற்றிய பேச்சுக்குக் கவிதைப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயம் நம் வீட்டுக்குத்தான் வந்து சேர்கிறது.

2

கம்பி தன் வழியே போவதைக் கெடுக்கும் என்பது பிரமை அல்ல. இதை உலகம் பெரும் பணச் செலவில் கற்றுக்கொண்டது 1858-ல், அட்லாண்டிக் கடலுக்கு அடியில். அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே தந்திக் கேபிள் போட்டு முடித்த நாள் ஆகஸ்ட் 5. ஆகஸ்ட் 16-ல் விக்டோரியா ராணியின் வாழ்த்து அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்குப் போயிற்று. மொத்தம் 98 வார்த்தைகள். போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. ஊர்களில் வாணவேடிக்கை நடந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கேபிள் செத்துவிட்டது.

அந்தக் கேபிளின் நடுவில் ஏழு இழை செம்புக் கம்பி. அதைச் சுற்றி மலாய்க் காடுகளில் மரம் வெட்டி எடுத்த குட்டா-பெர்ச்சாப் பால். அதற்கு வெளியே சணலும் இரும்பும். பிறகு கடல். செம்பு ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் மறு பக்கம், நடுவே மின்சாரம் கடத்தாத பால். இப்படி அமைந்தால் முழுக் கேபிளுமே மின்சாரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் பாத்திரமாகிவிடுகிறது. வறண்ட வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் வழியெல்லாம் கரை குடித்தது போக மிச்சம்தானே கடைமடைக்கு வருகிறது? அதுவும் சட்டென்று வராது. மெதுவாக ஏறி, மெதுவாக வடியும். ஒரு தட்டு அனுப்பினால் மறு கோடியில் அது நீண்ட பெருமூச்சாக வந்து சேர்ந்தது. அடுத்த தட்டை அனுப்ப முந்தையது வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்படித்தான் ஆகும் என்று கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சன் முன்பே கணக்குப் போட்டிருந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவர். 1850களின் மத்தியில் அவர் கண்ட விதிப்படி, ஒரே வகைக் கேபிளில் இந்தத் தாமதம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்கு. நீளம் பத்து மடங்கானால் நூறு மடங்கு. இதை எதிர்த்தவர் வைல்ட்மன் வைட்ஹவுஸ். பிரைட்டன் நகரத்தில் சத்திர வைத்தியராக இருந்து மின்சாரத்தின் மேல் மோகம் கொண்டவர். கேபிள் கம்பெனியின் மின்னியல் நிபுணர் பதவியும் அவரிடம் இருந்தது. தம் சொந்தப் பரிசோதனைகளை வைத்து, தாம்சனின் விதி பள்ளிக்கூடக் கற்பனை என்று 1856-ல் வாதாடினார்.

தாம்சன் இன்னொன்றும் கண்டுபிடித்தார். 1857-ல் பல ஆலைகளின் செம்புக் கம்பிகளை வாங்கி அளந்து பார்த்தபோது, பார்வைக்கு ஒன்றாக இருந்தவை மின்சாரத்தைக் கடத்துவதில் பெரிதும் வேறுபட்டன. செம்பில் கலந்திருந்த அசுத்தம்தான் காரணம். இன்று ஒயர் விளம்பரங்களில் 'ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு', 'மிகத் தூய செம்பு' என்று படிக்கிறோமே, அந்தப் பேச்சின் பூர்வீகம் இங்கே இருக்கிறது. பொய்யான பூர்வீகம் அல்ல. இரண்டாயிரம் மைல் கடலுக்கு அடியில் செம்பின் தூய்மை ஒரு தேசத்தின் பணத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாக இருந்தது.

வைட்ஹவுஸ் செய்தி மெதுவாக வருவதைக் கண்டு பொறுமை இழந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் வோல்ட் வரை அழுத்தம் கொடுத்தார். பழி அவர் மேல் விழுந்தது. அவரைக் கோமாளியாக்கி எழுதுவது சுலபம், பலர் எழுதினார்கள். கேபிள் அவசரத்தில் செய்யப்பட்டது, வெயிலில் கிடந்தது, அவர் கைக்கு வருமுன்பே அதற்கு ஆயுள் குறைந்துவிட்டது என்பதெல்லாம் அவர் பக்கத்து நியாயங்கள். என்னை உறுத்தியது வேறொரு சம்பவம். தாம்சன் சிறு கண்ணாடித் துண்டும் ஒளிப்புள்ளியும் கொண்டு மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். வைட்ஹவுஸின் கருவியில் செய்தி விழவில்லை. தாம்சனின் ஒளிப்புள்ளியைப் பார்த்துச் செய்தியைப் படித்துவிட்டு, தம் கருவியிலேயே வந்ததாக அவர் தரப்பு காட்டிக்கொண்டது பின்னால் வெளிவந்தது. இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். பிறர் கண்ணால் பார்த்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வது வைத்தியர்களோடு முடிந்துபோகும் பழக்கம் அல்ல.

1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலிலிருந்து போட்ட கேபிளில் செம்பின் எடை ஏறத்தாழ மூன்று மடங்கு. தாம்சன் சொன்னபடி செய்தார்கள். அது வேலை செய்தது. நாலைந்து வருஷத்தில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் கடலடிக் கேபிள் போய்விட்டது.

3

அம்புக்குறிக்கு வருகிறேன்.

ஆலிவர் ஹெவிசைடு 1850-ல் லண்டனில் ஓர் ஏழைப் பகுதியில் பிறந்தார். பால்யத்தில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் காதை மந்தமாக்கிவிட்டது. மற்றப் பையன்களோடு சேர முடியாமல் ஒதுங்கினார். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் கேபிள் வைத்திருந்த தந்திக் கம்பெனியில் வேலை பார்த்து, 1874-ல், 24 வயதில், அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் பிறகு எங்கும் சம்பளத்துக்கு இருக்கவில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து மாக்ஸ்வெல்லைப் படித்தார். கம்பியின் வழியே மின்சாரம் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி இன்று உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அந்த அறையிலிருந்து வந்தது. காது மந்தமான ஒருவரிடமிருந்து.

அவர் வேலை பார்த்த கேபிளில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு திசையில் செய்தி வேகமாகப் போயிற்று, எதிர்த் திசையில் மெதுவாகப் போயிற்று. அதே செம்பு, அதே நீளம், அதே கடல். கம்பிக்குத் திசை உண்டு என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த வியாபாரிக்கும் கிடைத்திருக்காது. ஹெவிசைடு 1877-ல் கணக்கிட்டுக் காட்டினார்: கடலடிக் கேபிளின் இரண்டு கரைகளிலிருந்தும் தந்தி ஆபீஸ் வரை போகும் தரைக் கம்பிகளின் மின்தடை சமமாக இல்லை, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் வேறு வேறு, அதனால் எந்தக் கோடியிலிருந்து அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறுகிறது. கம்பிக்குத் திசை இல்லை. கம்பியின் இரண்டு முனைகளிலும் இருப்பது ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். நண்பரின் தபால் கார்டுக்கு 1877-லேயே பதில் எழுதியாகிவிட்டது.

சிலவகை இணைப்பு ஒயர்களில் அம்புக்குறிக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளிக் கவசத்தை ஒரு முனையில் மட்டும் பூமியோடு இணைத்திருப்பார்கள். அந்த முனை எது என்று காட்ட அம்பு. என் ஸ்பீக்கர் ஒயரில் அப்படிக் கவசம் எதுவும் இருக்கவில்லை.

ஹெவிசைடு அதோடு நிற்கவில்லை. 'இண்டக்டன்ஸ்', 'இம்பீடன்ஸ்' என்ற சொற்களை 1886-ல் ஆக்கியவர் அவர். வேகமாக மாறும் மின்னோட்டம் கம்பியின் தோலை ஒட்டியே ஓட முயலும் என்பதை விரிவாக ஆராய்ந்தவர்களில் அவர் ஒருவர். 1887-ல் இன்னும் பெரிய விஷயத்தைச் சொன்னார். கம்பியின் மின்தடை, மின்கசிவு, இண்டக்டன்ஸ், மின்தேக்குத்திறன் இந்த நான்குக்கும் இடையே குறிப்பிட்ட விகிதம் அமைந்தால், அனுப்பிய குரல் தேயுமே தவிரச் சிதையாது. ஆகையால் நீளத் தொலைபேசிக் கம்பிகளில் இண்டக்டன்ஸைக் கூட்டுங்கள் என்றார். பிரிட்டிஷ் தபால் இலாகாவின் மின்னியல் அதிகாரி வில்லியம் ப்ரீஸ் இண்டக்டன்ஸ் என்றாலே கெடுதல் என்று நம்பியவர். ஹெவிசைடு தம் சகோதரரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவராமல் தடுத்தார். 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் சுருள்களைக் கம்பியில் இடைவெளிவிட்டுக் கோத்து இதைச் செய்து காட்டினார்கள். காப்புரிமைப் பணம் மைக்கேல் பூப்பினுக்குப் போயிற்று. ஹெவிசைடு 1925-ல் டார்க்கீயில் தனியாக இறந்தார். என் நண்பர் தம் உத்தியோகக் காலம் முழுவதும் அந்தச் சுருள்களைப் பரிசோதித்திருக்கிறார். "அந்த ஆள் பேரை எங்களுக்கு டிரெய்னிங்கில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை" என்றார்.

என் ஒயரோடு வந்த துண்டுப் பிரசுரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இண்டக்டன்ஸ், இம்பீடன்ஸ், தோல் விளைவு. ஒவ்வொரு சொல்லும் உண்மையான சொல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் வாழ்க்கையைச் செலவழித்திருக்கிறான். எந்தத் தூரத்துக்காக அவை பிறந்தன என்பதை மட்டும் பிரசுரம் சொல்லவில்லை.

4

கணக்கைப் பார்க்கலாம். அட்லாண்டிக் கேபிளின் நீளம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். என் ஒயர் மூன்று மீட்டர். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கடலடிக் கேபிளிலேயே மூன்று மீட்டர் வெட்டி எடுத்தால், தாம்சன் விதிப்படி அதன் தாமதம் முழுக் கேபிளின் தாமதத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இன்னொரு வழியிலும் பார்க்கலாம். மனிதக் காது கேட்கும் உச்சம் வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வு. கம்பியில் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த உச்ச ஸ்வரத்தின் ஓர் அலை பத்துக் கிலோமீட்டர் நீளம். பத்துக் கிலோமீட்டர் அலைக்கு முன்னால் மூன்று மீட்டர் ஒயர் ஒரு புள்ளி. இருபதாயிரம் அதிர்விலும் மின்னோட்டம் செம்பின் தோலிலிருந்து அரை மில்லிமீட்டர் ஆழம் வரை தாராளமாக ஓடும். சாதாரண ஒயரின் ஓர் இழை அந்த அளவு பருமன்கூட இல்லை.

வீட்டில் மிஞ்சுவது மின்தடை மட்டுமே. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி, போக மூன்று வர மூன்றாக ஆறு மீட்டர், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலி 0.13 டெசிபல். யாருடைய காதுக்கும் எட்டாது. அதே தூரத்துக்கு அரை மில்லிமீட்டர் மணி ஒயரைப் போட்டால் மின்தடை நான்கு மடங்கு. குறைவது அரை டெசிபல். ஹாலின் மறுகோடிக்கு ஒன்பது மீட்டர் இழுத்தால் ஒன்றரை டெசிபல். இது கேட்கும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுவதால், இழப்பும் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இராது; ஒலியின் நிறமே மாறும். ஆக ஒயரால் ஒலி மாறும் என்பவன் பொய் சொல்லவில்லை. எந்த ஒயர், எவ்வளவு நீளம் என்று கேட்காதவன்தான் ஏமாறுகிறான்.

இசைத்தட்டுக் காலத்தில் இன்னொரு இடத்திலும் ஒயருக்கு மெய்யான செல்வாக்கு இருந்தது. ரெக்கார்டு பிளேயரின் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜில் மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. அதன் இண்டக்டன்ஸ் அரை ஹென்றி என்றால், ஆம்ப்ளிஃபையர் வரை செல்லும் ஒயரின் மின்தேக்குத்திறனோடு சேர்ந்து அது ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். மொத்தம் 150 பிக்கோஃபாரட் இருந்தால் அந்த மேடு 18,000 அதிர்வுக்கு அருகில், காதின் எல்லையை ஒட்டிப் போய்விடும். நீள ஒயர் போட்டு 300 ஆக்கினால் 13,000-க்கு இறங்கிவிடும். ஜால்ராவின் விளிம்பில் அதைக் கேட்கலாம். பிளேயர் ஒயரை மாற்றி வித்தியாசம் கேட்டவர்கள் இதைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நிஜம்.

ஒரு மதம் பிறப்பதற்கு இந்த அளவு நிஜம் போதும். 1970களில் ஜப்பானிலும் பிரான்சிலும் ஒயருக்கு ஒலி உண்டு என்ற பேச்சு கிளம்பிற்று. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் எழுதிய ழான் ஹிராகா அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். அதுவரை அமெரிக்க வீடுகளில் மேஜை விளக்கின் ஒயர்தான் ஸ்பீக்கருக்கும். 1979-ல் நோயல் லீ என்ற பொறியாளர் சான் பிரான்சிஸ்கோவில் மான்ஸ்டர் கேபிள் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, தடித்த ஒயரைப் பெயர் சூட்டி விற்றார். பெயர் வந்த பிறகு விலைக்கு வரம்பு இல்லாமல் போயிற்று.

மறுபக்கத்தில் ஒரு சோதனை முறையும் வளர்ந்தது. 1950-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் மன்சனும் கார்ட்னரும் கையாண்டது அது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று, மூன்றாவதாக இரண்டில் ஏதோ ஒன்று; மூன்றாவது எது என்று காது சொல்ல வேண்டும், கண்ணுக்கு இடமில்லை. 1983 ஆகஸ்டில் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகையில் லாரன்ஸ் கிரீன்ஹில் இந்த வழியில் ஸ்பீக்கர் ஒயர்களைச் சோதித்து எழுதினார். சோதனை இரைச்சல் ஒலித்தபோது கேட்டவர்கள் மெல்லிய 24 எண் ஒயரைக் கண்டுகொண்டார்கள். இசை ஒலித்தபோது சாதாரண 16 எண் ஒயரையும் விலையுயர்ந்த ஒயரையும் நம்பத்தக்க முறையில் பிரிக்க முடியவில்லை. கணக்கு சொன்னதையே காதும் சொல்லிற்று. வியாபாரம் குறையவில்லை. 2007-ல், 7,250 டாலர் விலையுள்ள பன்னிரண்டு அடி ஒயரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிந்தால் பத்து லட்சம் டாலர் பரிசு என்று ஜேம்ஸ் ராண்டி அறைகூவினார். அந்தச் சோதனை நடக்காமலே போயிற்று.

5

என் வீட்டில் நடந்தது.

நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வரும் வழியில் எலக்ட்ரிகல் கடையில் மேஜை விளக்கு ஒயர் ஆறு மீட்டர் வாங்கி வந்திருந்தார். கொடியில் போர்வையைத் தொங்கவிட்டு அதன் பின்னால் நின்றுகொண்டார். ஒவ்வொரு தடவையும் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பார். பூ விழுந்தால் என் ஒயர், தலை விழுந்தால் விளக்கு ஒயர். முன்பு இருந்ததே வந்தாலும் கழற்றித்தான் மறுபடி மாட்டுவார், ஓசையை வைத்து நான் ஊகிக்கக்கூடாது என்பதற்காக. பேசமாட்டார். அதே மாலி, அதே இரண்டு நிமிஷம். இருபது தடவை. நான் 'அம்பு' அல்லது 'விளக்கு' என்று எழுத வேண்டும். நிச்சயமாகத் தெரிந்தால் பக்கத்தில் நட்சத்திரம் போட வேண்டும்.

மூன்றாவது தடவையிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. வித்தியாசம் கேட்டது. எல்லாத் தடவையும் கேட்டது. முதல் தடவையை விட இரண்டாவது தெளிவு, இரண்டாவதை விட மூன்றாவது மங்கல். எது எதனால் என்றுதான் சொல்ல முடியவில்லை.

இருபதில் பதினொன்று சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே பத்து வரும். ஆறு இடத்தில் 'அம்பு' என்று எழுதி நட்சத்திரம் போட்டிருந்தேன். அதில் நான்கு, விளக்கு ஒயர். என் ஒயர் வந்த தடவைகளில் பாதியை அவர் அம்பைத் திருப்பி மாட்டியிருந்தார் என்பதைப் பிறகுதான் சொன்னார்.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னார்: "மூச்சு கேட்டதுன்னு எழுதினீங்களே, அது பொய்யில்ல. அந்தப் பதிவுல மூச்சு இருக்கு. இந்த விளக்கு ஒயர்லயும் கேக்குது, நானே கேட்டேன். இத்தனை வருஷமா நீங்க விளக்கை அணைச்சுட்டு உக்காரல, அவ்வளவுதான்."

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் இருந்தது. நான் கேட்டது நிஜம், அதற்கு நான் சொன்ன காரணம்தான் பொய் என்றால், பாதி மானம் தப்பியது. ஆனால் அன்றிரவு இன்னொன்று நினைவுக்கு வந்தது.

6

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களிடம் கவிஞர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளைக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னதும், அதை 1929-ல் புத்தகமாக்கியதும் நம் வட்டத்தில் எல்லோரும் அறிந்தது. பதின்மூன்று கவிதைகள். டன்னும் ஹாப்கின்ஸும் அங்கே பலரிடம் அடிபட்டார்கள். இன்று யாரும் ஞாபகம் வைத்திராத பெயர்கள் பாராட்டுப் பெற்றன. அதைப் படித்தபோது நாம் எல்லோரும் அந்த மாணவர்களைப் பார்த்துச் சிரித்தோம். நாம் அந்த வகுப்பில் இல்லை என்பது நம் நிச்சயம்.

பல வருஷங்களுக்கு முன், ஒரு சிறுபத்திரிகைக்குக் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சில காலம் என்னிடம் இருந்தது. ரிச்சர்ட்ஸும் ஒயரும் ஒன்றுசேர்ந்து உறுத்த, அந்த நாட்களில் வந்தவற்றைக் குறித்துவைத்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். தெற்கத்தி ஊர் ஒன்றிலிருந்து, நான் கேள்விப்பட்டிராத பெயரில் வந்த இரண்டு கவிதைகளுக்கு எதிரே என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'படிமங்கள் ஒட்டவில்லை. இறுக்கம் இல்லை. திருப்பி அனுப்பியாயிற்று.' பக்கத்தில் முதல் வரிகளையும் எழுதி வைத்திருந்தேன். அந்த முதல் வரிகள் எனக்கு மனப்பாடம். நான்கு வருஷம் கழித்து வேறொரு பெயரில், அதற்குள் நாம் எல்லோரும் மதிக்கத் தொடங்கிவிட்ட ஒரு புனைபெயரில், வெளிவந்த தொகுப்பில் அதே இரண்டு கவிதைகள் இருந்தன. அந்தத் தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுதினேன். அவற்றின் இறுக்கத்தைத்தான் புகழ்ந்திருந்தேன். ஒரு சொல்கூட மாற்றப்படவில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் கவிஞர் என்னைப் பலமுறை சந்தித்திருக்கிறார். ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

இரண்டு தடவையும் நான் பொய் சொல்லவில்லை. முதல் தடவை எனக்கு இறுக்கம் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டது. போர்வைக்கு முன்னால் உட்கார்ந்து நட்சத்திரம் போட்டபோதும் நான் பொய் சொல்லவில்லை.

'இறுக்கம்', 'படிமம்' என்பவை நம்மிடையே வந்த விதத்தையும் யோசிக்கிறேன். அவையும் ஒவ்வொரு நெருக்கடியில், யாரோ ஒருவர் வாழ்க்கையைச் செலவழித்துக் கண்ட சொற்கள். எந்தத் தூரத்துக்காகப் பிறந்தன என்று கேட்காமல் வாங்கி மூன்று மீட்டருக்கு மாட்டிக்கொண்டோம். அம்புக்குறி மட்டும் தவறாமல் போடுகிறோம்.

ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். கவிதை ஒயர் அல்ல. ஒரு கவிஞனை முப்பது வருஷம் படித்து வந்தவனுக்கு அவன் பெயர் வெறும் பெயர் அல்ல. முன்னால் எழுதியவை எல்லாம் பின்னால் எழுதியதைப் படிக்கக் கற்றுத் தருகின்றன. இது சரி. அது அட்லாண்டிக் தூரம்; அங்கே எல்லாமே கணக்கில் சேரும், செம்பின் தூய்மைகூட. ஆனால் முன்பின் அறியாத ஒருவருடைய இருபது வரிகளில் சொல் சொல்லோடு பொருந்தி நிற்கிறதா என்று பார்ப்பதற்கு, அனுப்பிய ஊரும் பெயரும் எதற்கு வேண்டும்? அந்த மனிதர் முதலில் அனுப்பியபோது அவருக்கு என்னிடம் கிடைத்திருக்க வேண்டியது இவ்வளவுதான். கிடைக்கவில்லை. அவர் தொடர்ந்து எழுதினார் என்பது அவருடைய திடம். என்னால் நேர்ந்த நன்மை அல்ல. தொடர்ந்து எழுதாமல் போனவர்கள் என் நோட்டில் எத்தனை பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்த இதழின் ஆசிரியரிடம் ஒரு யோசனை சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். இம்முறை வந்த கவிதைகளை என் நண்பர் தம் கையெழுத்தில் பெயர் இல்லாமல் பிரதி எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு கவிதைகள். கேபிள் ஜோடிகளுக்கு எண் போட்ட அதே பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மேல் எண் போட்டிருந்தார். வேலை கஷ்டமாக இருந்தது. 'இறுக்கம்' என்று எழுத வந்த இடத்திலெல்லாம், எந்த வரியில் எந்தச் சொல் என்று எழுத வேண்டியிருந்தது. மூன்று நாள் பிடித்தது. நான்கைத் தேர்ந்தெடுத்தேன். அவை அடுத்த இதழில் வரும்.

பெயர்கள் உள்ள உறை நண்பரிடம் இருக்கிறது. இதை எழுதும்வரை நான் கேட்கவில்லை.